ஏழாம் நம்பர் தட்டு

ஏழாம் நம்பர் தட்டில் என்ன இருக்கிறது என்று அந்தக் கல்லூரியின் முதலாமாண்டுப் புவியியல் மாணவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். "கரடுமுரடான ஆற்றுமணல். முப்பது முதல் முப்பத்தைந்து அடி. கடல் பின்வாங்கி, மழை வலுத்து, வேகமான ஆறு ஓடிய ஈரக்காலம்." மூச்சு விடாமல் சொல்வார்கள். தட்டுக்குள் பார்த்துச் சொல்கிறார்களா என்றால் அதுதான் கிடையாது. தட்டின் விளிம்பில் வெள்ளைப் பெயின்டில் எழுதிய எண்ணைப் பார்ப்பார்கள். ஒன்று என்றால் கடற்கரை மணல், நான்கு என்றால் சிப்பி கலந்த கறுப்புக் களிமண், ஏழு என்றால் ஆறு ஓடிய ஈரக்காலம். சீனியர் ஜூனியருக்கு எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டில் இவ்வளவுதான் இருக்கும். யாராவது மண்ணைக் கொட்டிவிட்டு அந்தத் தட்டில் மிக்சர் வைத்திருந்தாலும் அதே பதிலைத்தான் எழுதியிருப்பார்கள்.

இதைப் பார்த்துப் பார்த்து வேம்புவுக்கு அருவருத்துப் போயிற்று. அவள் அந்தத் துறையில் பதினெட்டு வருட விரிவுரையாளர். நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் மாடிப் போர்ஷனில் தனிக்குடித்தனம். எதைக் கண்டு அருவருத்தாலும் அவளுக்கு முதலில் மூக்கு சுருங்கும், அப்புறம் 'சீ' என்று ஒரு வார்த்தை வரும். பஸ்ஸில் எச்சில் துப்புகிறவனுக்கும் 'சீ', விலைக்கு வாங்கிய ரெக்கார்டு நோட்டைத் தன் கையால் வரைந்ததாகக் கொண்டுவந்து நீட்டும் மாணவிக்கும் 'சீ'. பசங்கள் அவளுக்கு வைத்த பெயரே 'சீ மேடம்'. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அதற்கும் அவள் 'சீ' என்றுதான் சொன்னாள்.

அந்தத் தட்டுகள் அவள் கொண்டுவந்தவைதான். தொண்ணூறாம் வருடக் கோடையில் பெசன்ட் நகரில் அவள் தங்கை ஜானுவின் வீட்டில் கிணறு வற்றி, கை போர் போட ஆட்கள் வந்தார்கள். மூன்று கால் மரத்தை நட்டு, குழாயை நான்கு பேர் சுற்றிச் சுற்றித் திருகி இறக்குவார்கள். ஐந்து அடிக்கு ஒரு முறை மேலே வரும் மண்ணை மதில் ஓரமாக ஒரு குவியலாக வைத்து, அடுத்த ஐந்தடிக்கு அடுத்த குவியல் என்று வரிசையாக வைத்துக்கொண்டே போவார்கள். வீட்டுக்காரர் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து வரிசையை ஒரு நடை நடந்து பார்த்தால், பூமிக்குள் என்னென்ன இருக்கிறது, எத்தனை அடி போயிருக்கிறது என்று அவரே எண்ணிக்கொள்ளலாம். போர் போடுகிறவர்களிடம் அது காலம்காலமாக இருக்கிற வழக்கம்.

வேம்பு அந்த ஏழு குவியல்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். முதல் மூன்று கடற்கரை மணல். அடுத்த மூன்றும் சிப்பி ஒட்டிய கறுப்புக் களிமண், அதாவது கடல் ஒரு காலத்தில் உள்ளே ஏறி வந்து உப்பங்கழியாகத் தேங்கி நின்றிருக்கிறது. ஏழாவதில் செக்கச்செவேலென்று பருமணல். கடல் வருவதற்கும் முன்னால் இங்கே ஒரு பெரிய ஆறு பாய்ந்திருக்கிறது! பாடத்திட்டத்தில் 'கடந்தகாலக் காலநிலைகள்' என்று ஐந்தாவது அலகு ஒன்று இருந்தது. சாய்ஸில் விட்டுவிடலாம் என்று அதை யாரும் நடத்துவதில்லை. அதை ஏழு குவியலாக யாரோ தங்கை வீட்டு மதில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில்களில் அள்ளிக்கொண்டு வந்தாள். மேஸ்திரியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். சுப்புராயன் என்றார்.

அந்த வருடம் அவள் நடத்தியது பாடம். அதில் சந்தேகமே இல்லை. "நீங்க பஸ்ஸுக்காக நிக்கற இடத்துல ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கடல் நின்னுது. அதுக்கும் முன்னாடி, உலகம் பூரா குளிர்ந்து, கடல் தண்ணியெல்லாம் ஐஸாப் போனப்போ, கடற்கரை இங்கேர்ந்து எங்கேயோ கிழக்கே இருந்தது. இந்த மணலைத் தொட்டுப் பாருங்கோ. இதை இழுத்துண்டு வரணும்னா எவ்வளவு வேகமா ஒரு ஆறு ஓடியிருக்கணும்?" என்று தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போனாள். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். வேம்புவுக்கு உடம்பே சிலிர்த்தது.

"மிஸ், இது எத்தன மார்க்குக்கு வரும்?"

சீ.

அதற்கு அடுத்த வருடம் துறைத்தலைவர் ரகுபதி அந்தத் தட்டுகளைச் செய்முறைத் தேர்வில் சேர்த்தார். அதற்கும் அடுத்த வருடம் அவள் எழுதிய செய்முறைக் கையேடு அச்சானது. அட்டையில் முதல் பெயர் ரகுபதி, இரண்டாவது பெயர் வேம்பு. அவர் அதில் எழுதியது முன்னுரையில் அரைப்பக்கம்தான், அதிலும் எழுத்துப்பிழை. ஆனால் அந்தக் கையேட்டை வைத்துத்தான் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. ஆறு கல்லூரிகள் அதை வாங்கின. விடைத்தாள் திருத்துகிறவர்கள் கடைசிப் பக்கத்தில் இருக்கும் விடைப்பட்டியலைப் பார்த்து டிக் போட்டார்கள். நன்றி சொல்லும் பக்கத்தில் வேம்பு விடாப்பிடியாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'மண் மாதிரிகள் தந்துதவிய திரு. சுப்புராயன் அவர்களுக்கு.'

தொண்ணூற்றாறு ஏப்ரலில் நடந்த செய்முறைத் தேர்வில்தான் அந்த விடைத்தாள் வந்தது. ஏழாம் தட்டுக்கு நேரே ஒரு மாணவி எழுதியிருந்தாள்: 'இது அந்த இடத்து மண் இல்லை. இது பாலாற்று மணல். போர் போட்டவர் கொட்டியது.'

எழுதியவள் கயல். வகுப்பில் மூன்றாவது பெஞ்சு, எதைக் கேட்டாலும் நேராகப் பார்த்துப் பேசுகிற பெண். வேம்புவுக்குக் கோபம் மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. ஆறு வருடமாகத் தட்டைக் குனிந்துகூடப் பார்க்காத ஜன்மங்களாவது பரவாயில்லை, இது கிண்டல் பண்ணுகிறது. ஐந்து மார்க்குக்குச் சிவப்பு மையில் ஒரு பெரிய முட்டை போட்டாள். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

மே கடைசியில் ரிசல்ட் வந்தது. செய்முறையில் இருபது எடுத்தால் தேர்ச்சி. கயலுக்குப் பதினேழு. அன்றைக்கே ஆசிரியர் அறைக்கு வந்து, கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்து, வேம்புவின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"மிஸ், ஏழாம் நம்பருக்கு முட்ட போட்டது நீங்களா, வெளியிலேர்ந்து வந்தவரா?"

"நான்தான். ஏன்?"

"நான் எழுதுனது தப்பா?"

"தப்பில்லை, திமிர். மூணு மாசம் நின்னுண்டு தொண்டை வறளக் கத்தறேன். உனக்கு அது விளையாட்டா இருக்கு."

"திமிரும் இல்ல, ஒண்ணும் இல்ல மிஸ். அது பாலாத்து மணலு. எங்க ஊட்டாண்ட மூட்ட மூட்டையா கீது." சொல்லிவிட்டுக் கயல் பையிலிருந்து கையேட்டை எடுத்தாள். பழுப்புத்தாள் அட்டை போட்டு, நன்றிப் பக்கத்தில் மயிலிறகு வைத்திருந்தது. "தோ, இந்த சுப்புராயன் யாருன்னு நெனைக்கிறீங்க? எங்க நைனா. பொஸ்தவத்துல பேரு வந்துகிதுன்னு தெரு பூரா காமிச்சிகினு வந்தாரு. அப்பால உள்ள இன்னா போட்டுகிதுன்னு என்னைப் படிக்கச் சொன்னாரு. ஏழாம் நம்பரு வந்தப்போ உயுந்து உயுந்து சிரிச்சாரு மிஸ். 'அடியே, நான் கொட்டுன மணலுக்கு காலேஜ்ல பாடம் நடக்குதுடி'ன்னாரு."

வேம்பு அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "உங்கப்பா ஏன் கொட்டணும்?" என்று கேட்டாள்.

"அத அவர்கிட்டயே கேளுங்க. காந்தி நகர்ல வேல நடக்குது."

முதலில் ஜானுவுக்குப் போன் போட்டாள். ஜானுவுக்கு ஆறு வருடத்துக்கு முந்தைய மண் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? "எங்காத்துக்காரர்தான்கா நிக்கவெச்சு வேலை வாங்கினார். களிமண்ணா வந்துண்டே இருந்தது. நல்ல மணல் வர்றவரைக்கும் விடமாட்டேன்னுட்டார். மறுநாள் வந்துடுத்து. ஏன், இப்போ என்ன அதுக்கு?" என்றாள். வேம்பு போனை வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

அடையாறு காந்தி நகரில் ஒரு பங்களாவின் பின்கட்டில் சுப்புராயன் குழாய் திருகிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள், முண்டாசு, முழங்கால் வரை சேறு. வேம்புவைப் பார்த்ததும் முண்டாசை அவிழ்த்தார்.

"வாங்க டீச்சரம்மா! நம்ம பேர பொஸ்தவத்துல போட்டவங்களாச்சே. கலரு, சோடா, இன்னா குடிக்கிறீங்க?"

"அந்த மணலைக் கொட்டினது நிஜமா?" என்றாள் வேம்பு.

சுப்புராயன் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "இன்னாமா பண்றது? தண்ணி மேல மணல்லயே கீது, பதினஞ்சு அடியில. அதுக்குக் கீழ களிமண்ணு, போனா உப்பு. சொன்னா ஓனருங்க நம்பறாங்களா? இன்னும் போடு, இன்னும் போடுன்றாங்க. குழாயச் சுத்திக் கொட்டறதுக்குன்னு பாலாத்து மணலு ஒரு மூட்ட எப்பவும் கைல இருக்கும். அதுல ரெண்டு கூடை அள்ளிக் கடைசிக் குவியல் மேல கொட்டிட்டா ஓனரு பாத்துட்டு, சபாஷ்ன்னு சொல்லிட்டு உள்ள பூடுவாரு. அவருக்கும் தண்ணி வந்துடும், நம்மளுக்கும் முதுகு மிஞ்சும். யாருக்கு இன்னா நஷ்டம், சொல்லுங்க?"

மதில் ஓரத்தில் ஐந்து குவியல்கள் இருந்தன. ஐந்தாவது குவியலின் தலையில் சிவப்பாகப் பருமணல் பளபளத்தது. பக்கத்திலேயே வாய் திறந்த மூட்டை. மூடி வைக்கக்கூட அந்த மனிதருக்குத் தோன்றவில்லை, பாருங்கள்! வேம்புவுக்கு அவர்மேல் வந்த அருவருப்பு ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. அந்த ஆள் ஏமாற்றியது தங்கை புருஷனை. குவியலை நம்பி அள்ளிக்கொண்டு போனது யார்? தோண்டும்போது பக்கத்தில் நின்று பார்க்காமல், மறுநாள் பட்டுப்புடவையோடு வந்து பாட்டிலில் அடைத்தது யார்? ஏழாவது குவியலில் ஆற்றைப் பார்த்தது யார்? ஆறாயிரம் வருடம், ஐஸ், கடல் பின்வாங்கியது! காதில் பூ வைத்துக்கொண்டு ஆறு வருடம் கத்தியிருக்கிறாள். வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருந்த பசங்களை எத்தனை திட்டியிருக்கிறாள்! உண்மையைச் சொன்ன ஒரே பெண்ணைப் பெயிலாக்கியிருக்கிறாள்.

"எனக்குப் பெசன்ட் நகர்ல அதே தெருவுல போர் போடும்போது கடைசி அஞ்சடி மண் வேணும். கை வைக்காம" என்றாள்.

சுப்புராயனின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "எம் பொண்ணு பெயிலாயிட்டாளாமே மா. நெசத்த எழுதுனதுக்கு. அதுவும் நான் சொல்லித்தான் எழுதுனா." சேற்றுக் கைகளை முண்டாசுத் துணியில் துடைத்துக்கொண்டார். "கொண்டாந்து தரேன். கை வெக்க மாட்டேன்."

மறுநாள் காலை ரகுபதியின் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைக்கே அவள் மூக்கு சுருங்கியது.

"சரிம்மா, இப்போ என்ன பண்ணணும்ங்கறீங்க?"

"கையேட்டைத் திருத்தணும் சார். ஏழாம் தட்டைத் தேர்வுலேர்ந்து எடுக்கணும். அந்தப் பொண்ணுக்கு மார்க் தரணும்."

"மார்க் ஷீட்டுல நீங்களும் வெளியிலேர்ந்து வந்தவரும் கையெழுத்துப் போட்டு சீல் வெச்சு அனுப்பியாச்சு. பிரம்மா வந்தாலும் மாத்த முடியாது. கையேடு ஆறு காலேஜ்ல ஓடுது. பாடத்திட்டக் குழு தொண்ணூத்தெட்டுலதான் கூடும், அப்போ பாத்துக்கலாம். அதுவும் போக, பசங்கள்லாம் மனப்பாடம் பண்ணிட்டாங்களேம்மா! இப்போ போய் மாத்தினா குழம்பிடுவாங்க."

"பொய்யை மனப்பாடம் பண்ணியிருக்கா சார்."

"எதுதான் பொய் இல்லே?" ரகுபதி சிரித்தார். "மத்த காலேஜ்கள்ல ஏழாம் தட்டுல என்ன இருக்குன்னு நெனைக்கறீங்க? அவங்க யாரு வீட்டுல போர் போட்டாங்க? கட்டட வேலைக்கு வந்த மணலை அள்ளி வெச்சிருக்காங்க. எல்லாம் பாலாத்து மணல்தான். யாரும் செத்துப் போகலை. உங்க ப்ரமோஷன் ஃபைல்ல முதல் காகிதமே இந்தக் கையேடுதான், அதையும் கொஞ்சம் யோசிங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் 'ப்ரமோஷன் ஃபைல்' என்ற வார்த்தை விழுந்த அந்த ஒரு நொடியில் அவள் மனசு ஓடிப்போய், ரிடையராக எத்தனை வருடம் பாக்கி என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அவளைக் கேட்காமலேயே போய் வந்தது. சீ என்று அன்றைக்கு அவள் சொல்லிக்கொண்டது தன்னைப் பார்த்துத்தான். எழுந்து வந்துவிட்டாள்.

ஜூன் நடுவில், யாரும் எதிர்பார்க்காமல், ஐப்பசியில் பெய்ய வேண்டிய மழை கொட்டித் தீர்த்தது. கயலின் வீடு இருந்த அடையாற்றங்கரைக் குடிசைகளில் இடுப்பளவு தண்ணீர். கல்லூரி திறந்து பத்து நாள் கயல் வரவில்லை. வந்தபோது புத்தகம் எதுவும் இல்லை, மழையில் போய்விட்டது என்றாள். வேம்பு அவளைத் தனியாக அழைத்துப் பேசினாள். பதினெட்டு வருடத்தில் ஒரு மாணவியிடம் அவள் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீ எழுதினது சரி கயல். நான் போட்ட முட்டைதான் தப்பு."

"அப்போ மார்க்கு?"

"அதை மாத்த முடியாது. நவம்பர்ல அரியர் எழுதணும். அப்போ ஏழாம் தட்டுல நெஜமான மண் இருக்கும். நீ எண்ணைப் பாக்காதே. மண்ணைத் தொட்டுப் பாத்து, என்ன இருக்கோ அதை எழுது. நான் இருக்கேன்."

கயல் தலையை ஆட்டினாள். நம்பினாளா இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் சுப்புராயன் சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு கல்லூரி வாசலுக்கு வந்தார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வேம்புவே ஓடிப்போய் வாங்கினாள். ஈரம் காயாத கறுப்புக் களிமண். உடைத்தால் சிப்பி சிப்பியாக வந்தது. கழி நாற்றம் அடித்தது. ஆற்றுக்கு அதில் அடையாளமே இல்லை. முப்பத்தைந்து அடி வரைக்கும் கடல்தான் தேங்கிக் கிடந்திருக்கிறது. சாதாரண, ஒரே மாதிரியான, அலுப்பூட்டும் களிமண். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு மண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. ஏழாம் தட்டிலிருந்த மணலைக் கல்லூரித் தோட்டத்தில் கொட்டிவிட்டுக் களிமண்ணை நிரப்பினாள்.

புதிதாக வந்திருந்த முதலாமாண்டு வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னாள். குவியல், மூட்டை, தன் முட்டாள்தனம், ஒன்று விடாமல். ஒரு நிலத்தைப் படிப்பவர்கள் முதலில் அது யார் கை பட்டு வந்தது என்று கேட்க வேண்டும் என்றாள். பசங்கள் முதல் தடவையாக வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். முடித்ததும் முன்பெஞ்சில் மாளவிகா என்ற பெண் பணிவாகக் கை தூக்கினாள்.

"மேடம், அப்போ எக்ஸாம்ல மணல்னு எழுதறதா, களிமண்ணுன்னு எழுதறதா?"

"என்ன இருக்கோ அதை."

"கைடுல மணல்னு இருக்கே மேடம்."

வகுப்பு முழுக்க அவளுக்காகக் காத்திருந்தது. நாற்பது பேனாக்கள் நோட்டின்மேல் நின்றன. வேம்பு சாக்பீஸை மேஜையில் எறிந்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். அந்த மாதக் கடைசியில் ஊருக்கே மெட்ராஸ் என்ற பெயரை மாற்றிச் சென்னை என்று வைத்தார்கள். முந்நூறு வருடப் பெயரை ஒரே நாளில் மாற்ற முடிகிறது, ஒரு விடைப்பட்டியலில் ஒரு வரியை மாற்ற முடியவில்லை என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்மணியிடம் சொல்லி எரிந்து விழுந்தாள். அந்த அம்மாள் பயந்துபோய் வேறு சீட்டுக்கு மாறினாள்.

நவம்பரில் அரியர் தேர்வு. ஒன்பது பேர். வெளித்தேர்வாளராக வேறு கல்லூரியிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார், மாலை ரயிலைப் பிடிக்க வேண்டிய அவசரத்தோடு. வேம்பு முன்கூட்டியே அவரிடம் பேசினாள். ஏழாம் தட்டில் மண் மாறியிருக்கிறது, கையேட்டு விடை செல்லாது என்றாள்.

"அப்படியா? எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை மேடம்" என்றார் அவர். "உங்க கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. அதை வெச்சுத் திருத்திடறேன். கொடுக்கலைன்னா கையேடுதான்."

அவ்வளவு சுலபம்! இத்தனை நாள் மனசுக்குள் ரகுபதியோடு மல்லுக்கட்டியதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதுமாக இருந்திருக்கிறது. வேம்பு உடனே எழுதினாள். 'ஏழாம் தட்டு: சிப்பி கலந்த கறுப்புக் களிமண். கடல் உள்ளே ஏறித் தேங்கிய காலம். ஆற்றுமணல் என்று எழுதியது தவறு, மதிப்பெண் இல்லை.' கையெழுத்துப் போட்டு, தேர்வு முடிந்ததும் கொடுக்கலாம் என்று கைப்பையில் வைத்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

தேர்வு நடந்தது. ஒவ்வொருவராகத் தட்டுகளுக்கு முன்னால் வந்து, விளிம்பைப் பார்த்து, எழுதிக்கொண்டு நகர்ந்தார்கள். வேம்பு ஜன்னல் ஓரம் நின்று பார்த்தாள். கயல் மட்டும் ஏழாம் தட்டின் முன் நின்று, களிமண்ணைக் கிள்ளி எடுத்து, விரலில் தேய்த்துப் பார்த்தாள். மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள். வேம்புவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒருத்தி போதும் என்று நினைத்தாள்.

தாள்களை வாங்கி அடுக்கும்போதே புரட்டினாள். முதல் தாள்: ஆற்றுமணல், ஈரக்காலம். இரண்டாவது: ஆற்றுமணல், ஈரக்காலம். சீ, சீ என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். எட்டாவது கயலுடையது. தாளின் ஓரத்தில் கறுப்பாகக் கட்டைவிரல் ரேகை, களிமண் ரேகை, அழகாகப் பதிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், குண்டு குண்டாக, ஒரு எழுத்து பிசகாமல்:

'கரடுமுரடான ஆற்றுமணல். முப்பது முதல் முப்பத்தைந்து அடி. கடல் பின்வாங்கி, மழை வலுத்து, வேகமான ஆறு ஓடிய ஈரக்காலம்.'

வேம்பு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற விடைகளைக் கூட்டிப் பார்த்தாள். பதினெட்டு. இந்த ஐந்து சேர்ந்தால் பாஸ். சேராவிட்டால் மறுபடியும் ஏப்ரல். கைப்பையில் இருக்கும் காகிதத்தை எடுத்து நீட்டினால், ஏழு மாதத்துக்கு முன்னால் உண்மையை எழுதிப் பெயிலானவள் இப்போது பொய்யை எழுதிப் பெயிலாவாள். இரண்டுக்கும் சிவப்பு மை வேம்புவின் கையிலிருந்துதான் போகும்.

"மேடம், அந்தக் காகிதம்?" வெளித்தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணிக்கு ட்ரெயின்."

வேம்பு கைப்பையைத் திறக்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"கையேட்டைப் பாத்தே போட்டுடுங்கோ" என்றாள்.

அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்து, ஒன்பது தாளிலும் டிக் டிக் என்று போட்டுக்கொண்டே போனார். தட்டு இருந்த பக்கம் அவர் தலை திரும்பவே இல்லை. கயலுக்கு ஐந்துக்கு ஐந்து. மார்க் ஷீட்டைத் தள்ளினார். வேம்பு கையெழுத்துப் போட்டாள். வாய் முழுக்கக் கசந்தது, எழுந்து போய்க் கொப்பளித்தால் தேவலை என்றிருந்தது.

வராந்தாவில் கயல் காத்திருந்தாள். விரலில் இன்னும் கறுப்பு.

"மிஸ், தேறுமா?"

"தேறிடும்." வேம்புவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "தொட்டுப் பாத்தியேடி. நான் பாத்தேன். அப்புறம் ஏன் அப்படி எழுதினே?"

கயலின் முகத்தில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. "திருத்தறவரு தட்டப் பாப்பாரா, பொஸ்தவத்தப் பாப்பாரா மிஸ்?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கியவள் நின்று திரும்பினாள். முதல் தடவையாக அவள் குரல் தழைந்தது.

"நல்ல களிமண்ணு மிஸ் அது. மோந்து பாத்தேன். நைனா இந்தவாட்டி கை வெக்கவே இல்ல."